ஆளுமையும் அகராதியும்



ஆளுமை, வளர்ச்சி, ஊக்கம் என்னும் மூன்று இயல்களையும் பயிற்சிக் காலத்தில் நீங்கள் அனைவரும் படிக்கிறீர்கள். மாஸ்லோவின் முக்கோணத்தை ஒருமுறையேனும் தேர்வுத்தாளில் வரையாதவர் இந்த அவையில் இருப்பது அரிது. அப்படியிருக்க, வேர்ச்சொல்லும் விகுதியும் பார்த்தே வாழ்நாளைக் கழித்த ஒருவனுக்கு உளவியலில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். என் விடை எளியது. ஆளுமை உளவியலின் மிகப் பெரிய கட்டடம் ஒன்று அகராதியின்மேல் எழுப்பப்பட்டது. அந்த அகராதி ஆங்கில அகராதி. அதில் இடம்பெறாத மொழிகளைப் பேசும் பிள்ளைகளை அதே அளவுகோலால் அளக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

அகராதிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1884 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கால்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர், மனிதர்தம் குணத்தை அளக்க இயலுமா என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ரோஜே தொகுத்த ஆங்கிலச் சொற்களஞ்சியத்தைப் புரட்டிப் பார்த்து, குணத்தைக் குறிக்கும் சொற்கள் ஆயிரமாவது தேறும் என மதிப்பிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 1936 இல், அமெரிக்கரான கோர்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் வெப்ஸ்டர் பேரகராதியை அலசி, மனிதரை ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுத்திக் காட்டும் சொற்களாக 17,953 சொற்களைத் திரட்டினர். அவற்றுள் நிலைத்த குணங்களைக் குறிப்பன 4,504 என்று பிரித்தனர். எஞ்சியவை வந்துபோகும் மனநிலைகள், பாராட்டுகள், வசைகள் போன்றவை.

பின்வந்தோர் இப்பட்டியலைச் சுருக்கினர். ஒருவரைப் பற்றி அவரை அறிந்தோரிடம் மதிப்பெண் கேட்டு, எந்தெந்தச் சொற்கள் சேர்ந்தே உயர்கின்றன, சேர்ந்தே தாழ்கின்றன என்று கணக்கிட்டால், சொற்கள் தாமாகக் கொத்துக் கொத்தாகச் சேரும். இதற்குக் காரணிப் பகுப்பாய்வு என்று பெயர். ரேமண்ட் கேட்டல் பதினாறு காரணிகள் என்றார். 1961 இல் அமெரிக்க வான்படைக்காக ஆய்வு செய்த டியூப்ஸ், கிறிஸ்டல் இருவரும் ஐந்து போதும் என்றனர். 1981 இல் லூயிஸ் கோல்ட்பர்க் அவற்றுக்குப் ‘பெரும் ஐந்து’ என்று பெயரிட்டார். புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், மனக்கலக்கம் என்று இன்று நீங்கள் படிப்பவை அந்த ஐந்துதான்.

இம்முயற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ‘மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாத வேறுபாடு எதுவோ அதற்கு மொழி ஒரு பெயர் வைக்காமல் இராது’ என்பது இதன் அடிப்படைக் கோட்பாடு. மொழியியலாளர் எவரும் இதைக் கேட்டு மகிழ்வர். ஆனால் உடனே ஒரு வினாவையும் எழுப்புவர்: எந்த மக்கள், எந்த மொழி?

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நின்று பார்ப்போம். ஆளுமை வினாப்படிவங்களில் ‘அமைதியானவர்’, ‘கூச்சமுடையவர்’ என்னும் பொருள்பட வரும் கூற்றுகள் உண்டு. அவற்றுக்கு ஆம் என்று விடையளித்தால் புறமுகத்தன்மையில் மதிப்பெண் குறையும். இக்கூற்றுகளைத் தமிழில் பெயர்க்க அமர்ந்தால் கூச்சம், வெட்கம், நாணம், அச்சம், தயக்கம், அடக்கம் என்று ஒரு வரிசை வந்து நிற்கிறது. இவற்றுள் எதை எடுப்பது? கூச்சம் உடலோடு ஒட்டிய சொல். வெளிச்சத்தில் கண் கூசுகிறது, புளி தின்றால் பல் கூசுகிறது, அயலார் முன்னிலையில் மனம் கூசுகிறது. மூன்றும் ஒரே வினை. நாணம் அவ்வாறன்று. திருக்குறளில் நாணுடைமை என ஓர் அதிகாரமே உண்டு. தகாத செயலைச் செய்ய மனம் பின்வாங்குவதே அங்கு நாணம். அடக்கமோ இன்னும் தொலைவிலுள்ளது. அடக்கமுடைமை பதின்மூன்றாம் அதிகாரம், அறத்துப்பாலில் உள்ளது. பேசத் தெரிந்தும் இடம் அறிந்து பேசாதிருப்பவர் அடக்கமுடையவர். பேச அஞ்சிப் பேசாதிருப்பவரை அச்சொல்லால் சுட்டுவதில்லை. வினாப்படிவத்திலோ இருவருக்கும் ஒரே கட்டத்தில் ஒரே குறி விழுகிறது.

இது மொழிபெயர்ப்பின் சிறு இடறல் என்று ஒதுக்கிவிட முடியாது. பாட்டி தாத்தா முன்னிலையில் குரலடக்கிப் பேசக் கற்ற ஒரு சிறுமி, வகுப்பில் கை உயர்த்தாமல் இருந்தாள் என்பதற்காக அவளுடைய கோப்பில் ஒரு குறை ஏறுகிறது. அந்தக் கோப்பு அவளோடு பல ஆண்டுகள் பயணம் செய்யும்.

உளவியலாரும் இதனை உணராமல் இல்லை. கொரியம், டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், ஹங்கேரியம், இத்தாலியம், போலியம் ஆகிய மொழிகளின் குணச்சொற்களை அந்தந்த மொழியின் அகராதியிலிருந்தே திரட்டி ஆராய்ந்த முடிவுகளை ஒப்புநோக்கி, மைக்கேல் ஆஷ்டன், கிபியோம் லீ முதலியோர் 2004 இல் ஆறாவது காரணி ஒன்று உண்டு என்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயரைத் தமிழில் ‘நேர்மை, பணிவு’ எனலாம். ஆங்கில அகராதியை அடித்தளமாகக் கொண்ட ஐந்தில் தனியிடம் பெறாத பணிவு, பிற மொழிகளைக் கேட்டபோது தனியே எழுந்து நின்றது! நம் பழைய அதிகாரத் தலைப்புகளை அறிந்தவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது.

இதனினும் கடுமையான சோதனை பொலிவியாவின் அமேசான் தாழ்நிலத்தில் நடந்தது. சிமானே என்னும் பூர்வகுடியினர் அங்கே வேட்டையாடியும் மீன்பிடித்தும் சிறு அளவில் பயிரிட்டும் வாழ்கின்றனர். மைக்கேல் கர்வென் குழுவினர் பெரும் ஐந்தின் வினாப்படிவத்தை அவர்தம் மொழியில் பெயர்த்து 632 பேரிடம் கேட்டனர். 2013 இல் முடிவு வெளிவந்தது. ஐந்து கொத்துகள் கிடைக்கவில்லை. பிறர்க்கு உதவும் இயல்பு, உழைப்பில் முனைப்பு என இரண்டே தெளிவாகத் தெரிந்தன. கணவனை மனைவியும் மனைவியைக் கணவனும் மதிப்பிட்டபோதும் ஐந்து என்னும் அமைப்பு வெளிப்படவில்லை. பல்வகைத் தொழில்களும் பல்வகை வட்டங்களும் உள்ள பெருநகரில், குணங்கள் தனித்தனியே பிரிந்து வளர இடமுண்டு. எல்லாரும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்து பகிர்ந்துண்ணும் சிற்றூரில், உதவுகிறாரா, உழைக்கிறாரா என்பவையே ஒருவரைப் பற்றி அறிய வேண்டியவை. இது ஒரு விளக்கம். எனக்கு ஏற்புடைய விளக்கம்.

‘ஆளுமை’ என்னும் சொல்லையே சற்றுப் பிரித்துப் பார்ப்போம். ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீனத்தில் நாடக முகமூடியைக் குறித்தது. எனவே, பிறர் காணும் முகம் என்னும் சாயல் அதில் உண்டு. நம் சொல் ஆள் என்னும் வினையடியிலிருந்து வருகிறது. ஆளும் திறம் என்பது அதன் சாயல். ஆகவேதான் ‘அவர் ஒரு பெரிய ஆளுமை’ என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். ஆனால் ஒரு நோயாளியின் ஆளுமை, ஒரு குழந்தையின் ஆளுமை என்னும்போது சொல் சற்றே நெளிகிறது. நம் நாட்டுப் பள்ளிகளில் நீங்கள் நாள்தோறும் எழுதும் ‘சாஹ்சியா’ என்னும் மலாய்ச் சொல்லோ அரபு வழி வந்தது. ஆள், நபர் என்பது அதன் வேர்ப்பொருள். பள்ளி வழக்கில் அது நன்னடத்தையையும் சேர்த்துக்கொண்டது. முகமூடி, ஆட்சி, நபர் என மூன்று மொழிகளும் மூன்று வாயில்கள் வழியாக உள்ளே நுழைகின்றன. பாடநூல் மட்டும் ஒரே வாயில்தான் உண்டு என்கிறது.

நமக்கு அண்டை நாடான பிலிப்பைன்ஸில் இச்சிக்கலை நேர்நின்று எதிர்கொண்டவர் விர்ஜிலியோ என்ரிக்கேஸ். அமெரிக்காவில் உளவியல் பயின்று திரும்பிய அவர், 1970களில் பிலிப்பினோ உளவியல் என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். தம் மக்களின் ஆளுமையை விளக்கத் தம் மக்களின் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும் என்றார். அவர் நடுநாயகமாக வைத்த சொல் ‘காப்வா’. ஆங்கிலத்தில் இதைப் ‘பிறர்’ என்று பெயர்ப்பர். அந்தப் பெயர்ப்புப் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது என்று என்ரிக்கேஸ் வாதிட்டார். ‘பிறர்’ என்றவுடன் ‘நான்’ வெளியே நிற்கிறேன். காப்வாவிலோ நானும் உள்ளே இருக்கிறேன், நீங்களும் இருக்கிறீர்கள். தமிழில் ஒற்றைச்சொல் தேடினேன். ‘சக’ என்னும் முன்னொட்டு ஓரளவு நெருங்குகிறது. ஆயினும் அது தனித்து நிற்கும் சொல் அன்று.

இங்கே ஒரு மொழியியல் குறிப்பு. முன்னிலையாரை உட்படுத்தும் ‘நாம்’, உட்படுத்தாத ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு தமிழில் உண்டு. மலாயில் ‘கித்தா’, ‘காமி’. பிலிப்பினோவில் ‘தாயோ’, ‘காமி’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இதைக் கொண்டு ‘ஆங்கிலேயர்க்குக் கூட்டுணர்வு இல்லை’ என்று யாரேனும் முடிவு கட்டினால் நான் உடன்படமாட்டேன். இலக்கணம் சிந்தனைக்குச் சிறைச்சாலை அன்று. ‘நாம்’ என்னும் சொல்லை வைத்துக்கொண்டே சாதியால் பிரிந்து கிடந்தவர்கள் நாம். சொல் ஒரு வேறுபாட்டை எளிதில் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறது, அவ்வளவே. எடுத்துப் பயன்படுத்துவது நம்மைப் பொறுத்தது.

அடுத்து, ஊக்கம். திருக்குறளில் ஊக்கமுடைமை, ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத் தலைப்புகள் ஊக்கத்தை ஓர் உடைமையாகக் கருதுகின்றன. அமெரிக்கப் பாடநூலிலோ தேவை ஒன்று உள்ளிருந்து உந்துவதால் மனிதன் அசைகிறான், அதுவே ஊக்கம். மாஸ்லோ 1943 இல் எழுதிய கட்டுரையில் உடல் தேவை, பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, தன்னிறைவாக்கம் என்று தேவைகளை வரிசைப்படுத்தினார். நீங்கள் வரையும் அந்த முக்கோணம் அக்கட்டுரையில் இல்லை. 1960 இல் ஒரு வணிக இதழில் மேலாண்மை ஆலோசகர் ஒருவர் வெளியிட்ட படம் அது. தொழிலாளர்களிடம் வேலை வாங்கும் வழியை விளக்க வந்த படம் வகுப்பறைக்குள் புகுந்து, வேதவாக்காகிவிட்டது. படியேறுவது போல ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று என்னும் கண்டிப்பும் பெரும்பாலும் படத்தின் கண்டிப்பே. கட்டுரையில் மாஸ்லோ விதிவிலக்குகளைத் தாமே எடுத்துக் கூறியுள்ளார்.

இதே மாஸ்லோ 1938 கோடையில் சில வாரங்கள் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில், பிளாக்ஃபுட் எனப்படும் சிக்சிகா பூர்வகுடியினரிடையே தங்கியிருந்தார். அங்கே, திரட்டிய செல்வத்தையெல்லாம் விழாவில் வாரி வழங்குபவரே செல்வர் எனப் போற்றப்பட்டதை அவர் கண்டார். அம்மக்களிடம் மனப்பாதுகாப்பு உணர்வு மிகுந்திருந்ததையும் குறித்தார். முக்கோணம் அவர்தம் கூம்புக் கூடாரத்திலிருந்து திருடப்பட்டது என்று இப்போது சிலர் பரப்புகின்றனர். அவர் வரையாத படத்தை அவர் எப்படித் திருடியிருக்க முடியும்? கேட்கத்தக்க வினா வேறு. கொடுப்பதில் மதிப்பைக் கண்ட ஒரு சமூகத்தில் வாழ்ந்துவிட்டு வந்தவரின் கோட்பாட்டில், தேவைகள் அனைத்தும் ஏன் ஒரு தனி மனிதனுக்குள்ளேயே நிகழ்கின்றன?

இவ்வினாவுக்கு நம் நாட்டிலேயே ஒரு வெளிச்சம் உண்டு. பேராக், பகாங் மாநிலங்களில், தாப்பா, கம்பார், கேமரன் மலைப் பகுதிகளில் வாழும் செமாய் மக்களைச் சொல்கிறேன். அவர்கள் மொழி மலாயோடு தொடர்புடையது அன்று. அது ஆஸ்திரோ-ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது கெமர் மொழிக்கும், இந்தியாவில் சந்தாலி, முண்டாரி மொழிகளுக்கும் தூரத்து உறவு. ராபர்ட் டென்டன் என்னும் மானிடவியலார் 1960களின் தொடக்கத்தில் அவர்களோடு தங்கி, 1968 இல் ஒரு நூல் வெளியிட்டார்.

அவர் பதிவு செய்த கருத்துகளுள் ‘புனான்’ என்பது ஒன்று. ஒருவருடைய விருப்பத்தை நிறைவேற்றாமல் விட்டால் அவருடைய மனம் நோகும். மனம் நொந்தவர் விபத்துக்கும் நோய்க்கும் எளிதில் ஆளாவார். எனவே கேட்டதை மறுத்தவரே அத்தீங்குக்குப் பொறுப்பாளி. நம் பாடநூலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாடநூலில் நிறைவேறாத தேவை அம்மனிதனையே உந்தி ஓடச் செய்கிறது. செமாய்ச் சிந்தனையில் நிறைவேறாத தேவை அவனைச் சுற்றியுள்ளோரைப் பொறுப்பாளிகள் ஆக்குகிறது. உணவைப் பகிர்ந்துகொண்டபின் நன்றி கூறுவதும் அவர்களிடையே நாகரிகக் குறைவு என்கிறார் டென்டன். நன்றி கூறினால், கொடுத்தவர் இவ்வளவு கொடுப்பார் என எதிர்பார்க்கவில்லை என்றோ, கொடுத்ததை அளந்து பார்த்தோம் என்றோ ஆகிவிடுமாம்.

வளர்ச்சிக்கு வருவோம். எரிக் எரிக்சனின் எட்டுப் பருவங்களை நீங்கள் அறிவீர்கள். அவரும் தம் கோட்பாட்டை மருத்துவ அறையில் மட்டும் உருவாக்கவில்லை. 1950 இல் வெளிவந்த அவர் நூலில் சூ, யூரோக் என்னும் இரு பூர்வகுடியினரின் குழந்தை வளர்ப்புக்குத் தனி இயல்கள் உண்டு. தேர்வுக் குறிப்பேடுகள் அவ்வியல்களை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டன. அந்த அட்டவணைப்படி, தன்னுரிமை என்பது இரண்டு மூன்று வயதில் தீர்க்கப்படும் ஒரு சிக்கல். செமாய்க் குழந்தையிடம் பெற்றோர் ஒன்றைச் செய்யச் சொல்லி, குழந்தை ‘மனமில்லை’ என்னும் பொருள்தரும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது என்று டென்டன் எழுதுகிறார். அங்கே தன்னுரிமை ஒரு பருவத்துக்குரியதாகத் தெரியவில்லை. எல்லா வயதினர்க்கும் உரியதாகவே தெரிகிறது. இது என் கருத்து.

அவர் தரும் இன்னொரு காட்சி நம்மவர்க்கு மிகவும் சுவையானது. செமாய்ச் சிறுவர்கள் பூப்பந்து ஆடினர். வலை இல்லை, புள்ளிக்கணக்கும் இல்லை. எதிரே நிற்பவர் எளிதாகத் திருப்பி அடிக்கும்படி பந்தை அனுப்புவதே ஆட்டம். பூப்பந்து வெற்றிக்காக நாடே தொலைக்காட்சி முன் அமரும் மலேசியாவில், இப்படியும் ஓர் ஆட்டம்!

அப்படிப்பட்ட வீட்டுச் சூழலிலிருந்து ஒரு பிள்ளை உங்கள் வகுப்புக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘யார் முதலில் முடிக்கிறீர்கள், பார்ப்போம்’ என்கிறீர்கள். அவன் முந்தவில்லை. பக்கத்தில் இருப்பவன் முடிக்கும்வரை காத்திருக்கிறான். மாதக் கடைசியில் படிவத்தில் ‘ஊக்கம் குறைவு’ என்று எழுதுகிறீர்கள். உங்கள் அளவுகோல் எதை அளந்தது? முந்தும் விருப்பத்தை அளந்தது. அறியும் விருப்பத்தை அது அளக்கவே இல்லை. படிவத்தில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான் உள்ளது என்றால், ஓரத்தில் இரண்டு வரி எழுதிவையுங்கள். எந்தத் தலைமையாசிரியரும் அதற்காகக் கோபிக்கமாட்டார்.

இவ்வளவு கூறியபின் ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். பூர்வகுடிகளின் பெயரால் வருவதெல்லாம் பூர்வகுடிகளின் கருத்து ஆகிவிடாது. 1930களில் கில்டன் ஸ்டூவர்ட் என்னும் அமெரிக்கர் தெமியார் மக்களிடையே சில காலம் தங்கினார். 1951 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், செனோய் மக்கள் நாள்தோறும் காலையில் குழந்தைகளின் கனவுகளைக் கேட்டு ஆராய்ந்து, கனவையே நெறிப்படுத்தி, மனநோயும் பூசலும் இல்லாமல் வாழ்வதாகக் கூறினார். 1960களில் கலிபோர்னியாவில் இது பெரும் மோகமாயிற்று. ‘செனோய் முறை’க் கனவுப் பயிலரங்குகள் நடந்தன. பின்னர் அம்மக்களிடையே நெடுங்காலம் ஆய்வு செய்தோர் அத்தகைய முறை எதையும் காணவில்லை. வில்லியம் டோம்ஹாஃப் 1985 இல் ஒரு நூலாகவே இதை எழுதி விளக்கினார். தெமியார்க்குக் கனவு முக்கியமானதுதான். கனவில் கிடைத்த பாடல்களை அவர்கள் சடங்குகளில் பாடுவர். ஆனால் ஸ்டூவர்ட் விற்றது வேறு சரக்கு. புறக்கணிப்பது ஒரு வகை அநீதி என்றால், நம் ஏக்கங்களை அவர்கள் வாயில் திணிப்பது இன்னொரு வகை.

இனி, மாணவர்களுக்கு ஒரு வேலை. நம் வீடுகளில் ஆளைப் பற்றிப் பேசும் சொற்களை உங்கள் பாட்டிகளிடமும் தாத்தாக்களிடமும் கேட்டுத் தொகுங்கள். சூட்டிகை, துடுக்கு, வெள்ளந்தி, அமரிக்கை, வாயாடி, கமுக்கம், அழுத்தக்காரன், கல்லுளிமங்கன் என்று பட்டியல் வளரும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் மலாய்ச் சொற்களையும் கலந்து சொல்வார்கள்; அவற்றை நீக்காதீர்கள், அவையும் நம் வழக்கே. ஒவ்வொரு சொல்லுக்கும் அச்சொல்லை யார், யாரைப் பார்த்து, எந்தச் சூழலில் சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள். அகராதிப் பொருளை எழுதவேண்டாம். அது நூலகத்தில் கிடைக்கும். புகழா இகழா என்பதைக் கட்டாயம் குறியுங்கள். அழுத்தக்காரன் என்பதைத் தாய் மகனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பெருமிதம் ஒலிக்கும்; மாமியார் மருமகளை அழுத்தக்காரி என்னும்போது ஒலிப்பது வேறு. இருநூறு சொற்கள் சேர்ந்தால் போதும், காரணிப் பகுப்பாய்வு தெரிந்த உளவியல் மாணவர் ஒருவரோடு அமர்ந்துவிடலாம்.

என்னை ஒரு வினா நெடுநாளாக அரித்துக்கொண்டிருக்கிறது. கல்லுளிமங்கன் எதைக் கேட்டாலும் வாய் திறக்கமாட்டான்; அவன் புறமுகத்தன்மை குறைந்தவனா, இணக்கம் குறைந்தவனா, அல்லது மனக்கலக்கமே இல்லாதவனா? பெரும் ஐந்தில் அவனை எங்கே உட்காரவைப்பது? விடை தெரிந்தவர்கள் வினா நேரத்தில் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன்.